உலகத்தின் மோசமான படம் கம்ப்யூட்டருக்குப் பெயர் கொடுத்தது!

நடிகர் இறந்துவிட்டார். படமோ இன்னும் எடுக்கவே ஆரம்பிக்கவில்லை. டைரக்டர் கையில் இருந்தது அந்த நடிகர் தோன்றும் சில நிமிடக் காட்சி மட்டுமே.

வேறு யாராக இருந்தாலும் அந்தப் பிலிம் சுருளைப் பெட்டியில் போட்டுப் பூட்டியிருப்பார்கள். இவர் பூட்டவில்லை. அந்தச் சில நிமிடத்தை வைத்துக்கொண்டே ஒரு முழுப் படத்தை எடுத்து முடித்தார்!

படத்தைப் பார்த்தவர்கள் சிரித்தார்கள். "உலகத்திலேயே மிக மோசமான படம்" என்ற பட்டமும் அதற்குக் கிடைத்தது.

ஆனால் பிற்காலத்தில், உலகம் மதிக்கும் கம்ப்யூட்டர் நிபுணர்கள் தங்கள் படைப்புக்கு அந்தப் படத்தின் பெயரைத்தான் வைத்தார்கள். அந்தப் பெயர் தாங்கிய கம்ப்யூட்டரில் பிறந்த ஒரு வழிதான், இன்று நம் செல்போன் திரையில் "அம்மா" என்ற தமிழ் எழுத்தைக் கொண்டுவந்து நிறுத்துகிறது.

நம்ப முடியவில்லையா? இது கட்டுக்கதை அல்ல. நடந்த சம்பவம்.

டிராகுலாவும் டைரக்டரும்

அந்த டைரக்டரின் பெயர் எட் உட். 1924-ம் ஆண்டு அமெரிக்காவில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் சிப்பாயாக இருந்தார். போர் முடிந்ததும் சினிமா ஆசையோடு ஹாலிவுட்டுக்கு வந்து சேர்ந்தார்.

கையில் காசு கிடையாது. பெரிய மனிதர்களின் சிபாரிசு கிடையாது. ஆசை மட்டும் மலை அளவு இருந்தது.

அங்கே அவருக்கு ஒரு கிழவர் நண்பரானார். அவர் பெயர் பேலா லுகோசி. 1931-ம் ஆண்டு வெளிவந்த "டிராகுலா" படத்தில் இரத்தம் குடிக்கும் பிரபுவாக நடித்து உலகத்தையே நடுங்க வைத்தவர்.

புகழ் நிலைக்கவில்லை. வயதான காலத்தில் லுகோசியை யாரும் சீந்தவில்லை. போதை மருந்துப் பழக்கம் வேறு அவரை வாட்டியது. அப்போது அவருக்கு வேஷம் கொடுத்து ஆதரித்தவர் எட் உட்.

1956-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் லுகோசி காலமானார். அவருக்கு வயது 73. டிராகுலா அங்கியை அணிவித்தே அவரை அடக்கம் செய்தார்கள்.

எட் உட் கையில் எஞ்சியது, லுகோசியை வைத்து எடுத்திருந்த அந்தச் சில நிமிடக் காட்சி.

முகத்தை மூடிய டாக்டர்

நம் ஊர்த் தெருக்கூத்தில் ராஜபார்ட் வராத நாளில் என்ன செய்வார்கள்? வேறு ஒருவருக்குக் கிரீடத்தை வைத்து மேடையில் ஏற்றிவிடுவார்கள் அல்லவா? எட் உட்டும் அதைத்தான் செய்தார்.

அவருடைய மனைவிக்கு வைத்தியம் செய்த ஒருவர் இருந்தார். முதுகெலும்பைப் பிடித்துச் சரிசெய்யும் வைத்தியர். அவரைக் கூப்பிட்டு லுகோசியின் வேஷத்தைப் போட்டுவிட்டார்.

வைத்தியர் லுகோசியைவிட உயரம். முகத்திலும் ஒற்றுமை இல்லை. ஆகவே படம் முழுக்கக் கறுப்பு அங்கியால் முகத்தை மூடிக்கொண்டே நடமாடினார்!

படத்தின் கதை என்ன? வேற்றுக் கிரகத்தவர்கள் பறக்கும் தட்டில் வந்து இறங்குகிறார்கள். உலகத்தை அழிக்கும் பயங்கர ஆயுதத்தை மனிதன் செய்துவிடுவான் என்பது அவர்கள் பயம். அதைத் தடுக்க 9-வது திட்டம் போடுகிறார்கள். இறந்தவர்களைக் கல்லறையிலிருந்து எழுப்பி நடமாட விடுவதே அந்தத் திட்டம்.

படத்தில் பறக்கும் தட்டுகள் கயிற்றில் ஆடும் பொம்மைகள். நடிகர்கள் பக்கத்தில் போனால் கல்லறைக் கற்கள் அசைகின்றன. ஒரே காட்சியில் ஒரு நிமிடம் பகல்; மறு நிமிடம் இரவு!

பணம் போட்டவர்கள் ஒரு கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவர்கள். "கல்லறைத் திருடர்கள்" என்று பொருள்படும் பெயரைத்தான் எட் உட் முதலில் வைத்திருந்தார். அது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. பெயர் மாறியது. "பிளான் 9 ப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்" ஆயிற்று. "வான்வெளியிலிருந்து 9-வது திட்டம்" என்று அர்த்தம்.

1957-ல் படம் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. எட் உட் வறுமையில் வாடினார். 1978-ம் ஆண்டு டிசம்பரில், குடியிருந்த வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்ட சில நாட்களில், 54-வது வயதில் இறந்து போனார்.

1980-ல் வெளிவந்த ஒரு புத்தகம் இந்தப் படத்துக்கு "எல்லாக் காலத்திலும் மிக மோசமான படம்" என்ற பட்டத்தைச் சூட்டியது. அதைக் கேட்க எட் உட் உயிரோடு இல்லை.

பழிப்பு வந்ததும் ஒரு வேடிக்கை நடந்தது. "அப்படி என்னதான் மோசம்?" என்று பார்க்க ஜனங்கள் கூடினார்கள். பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்கச் சிரிக்க அவர்களுக்கு அந்தப் படத்தின்மேல் ஆசை பிறந்துவிட்டது! தேடித் தேடிப் பார்க்கும் பழைய படங்களில் அதுவும் ஒன்றாகிவிட்டது.

டிரான்சிஸ்டர் பிறந்த இடம்

இப்போது ஹாலிவுட்டை விட்டு அமெரிக்காவின் மறு கரைக்கு வாருங்கள். நியூஜெர்சி மாநிலம். அங்கே முர்ரே ஹில் என்ற ஊரில் பெல் ஆராய்ச்சிக்கூடம் இருக்கிறது.

நம் தாத்தாமார்கள் தோளில் மாட்டிக்கொண்டு திரிந்த ரேடியோவுக்கு "டிரான்சிஸ்டர்" என்று பெயர் வந்ததே, அந்த டிரான்சிஸ்டர் 1947-ல் பிறந்த இடம் இதுதான்.

1969-ல் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி என்ற இரு நிபுணர்கள் இங்கே "யூனிக்ஸ்" என்ற இயங்குதளத்தை உருவாக்கினார்கள்.

இயங்குதளம் என்றால் என்ன? ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அடுப்பு எரிய வேண்டும். தண்ணீர் வர வேண்டும். யாருக்கு எப்போது சாப்பாடு என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அத்தனையையும் ஓசைப்படாமல் கவனிக்கும் குடும்பத் தலைவியைப் போன்றதுதான் இயங்குதளம். அது இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் வெறும் தகரப் பெட்டி.

யூனிக்ஸ் பெரும் புகழ் பெற்றது. ஆனாலும் அதைச் செய்தவர்களுக்குத் திருப்தி இல்லை. "இன்னும் எளிமையாக ஒன்று செய்வோம்" என்று 1980-களின் பிற்பகுதியில் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். கென் தாம்சனுடன் ராப் பைக் முதலிய நிபுணர்கள் சேர்ந்துகொண்டார்கள். பல இடங்களில் இருக்கும் பல கம்ப்யூட்டர்களை ஒரே கம்ப்யூட்டர் போல வேலை வாங்க வேண்டும் என்பது அவர்கள் நோக்கம்.

குழந்தை பிறந்தது. பெயர் வைக்க வேண்டுமே!

"பிளான் 9 ப்ரம் பெல் லேப்ஸ்" என்று வைத்தார்கள். "பெல் ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து 9-வது திட்டம்!" எட் உட் படத்தின் பெயரேதான். "வான்வெளி" இருந்த இடத்தில் ஆராய்ச்சிக்கூடம் வந்து உட்கார்ந்துகொண்டது.

விற்பனைக்காரர்கள் முகம் சுளிக்கும்படி பெயர் வைப்பது அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரு வழக்கம்!

அதோடு நின்றார்களா? இல்லை. அந்த இயங்குதளத்துக்கு அடையாளச் சின்னமாக ஒரு முயல் குட்டிப் படம் வரையப்பட்டது. முயலுக்குப் பெயர் "கிளெண்டா". 1953-ல் எட் உட் எடுத்த "கிளென் ஆர் கிளெண்டா" என்ற படத்திலிருந்து வந்த பெயர்.

திரையில் கட்டம் கட்டமாகக் காட்சி காட்டும் பகுதிக்கு முதலில் "எட்டரை" என்று பெயர் வைத்திருந்தார்கள். இத்தாலிய டைரக்டர் பெலினி 1963-ல் எடுத்த புகழ்பெற்ற படத்தின் பெயரும் "எட்டரை"தான். உலகம் போற்றிய படத்தின் பெயரும் உலகம் சிரித்த படத்தின் பெயரும் ஒரே கம்ப்யூட்டரில் அக்கம்பக்கமாகக் குடியிருந்தன!

பொம்மைகளின் பெயர்

சினிமாப் பெயர் வைத்தவர்கள் இவர்கள் மட்டும்தானா? அல்ல. "டெபியன்" என்று ஓர் இலவச இயங்குதளம் இருக்கிறது. உலகம் முழுவதும் தொண்டர்கள் கூடி உழைத்து அதை வளர்க்கிறார்கள்.

1996-ல் அதற்குத் தலைமை வகித்தவர் புரூஸ் பெரன்ஸ். அவர் வேலை பார்த்த இடம் பிக்சார் கம்பெனி. 1995-ல் "டாய் ஸ்டோரி" என்ற பொம்மைப் படத்தை எடுத்தார்களே, அதே கம்பெனி!

அன்று முதல் டெபியனின் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் அந்தப் பட வரிசையில் வரும் பாத்திரத்தின் பெயர்தான். 1996-ல் "பஸ்" என்ற விண்வெளி வீரன் பெயர். 2000-ல் உருளைக்கிழங்குப் பொம்மையின் பெயர். 2002-ல் "உட்டி" என்ற குதிரைக்கார பொம்மையின் பெயர்.

படத்தில் சிட் என்ற துஷ்டப் பையன் ஒருவன் வருவான். கிடைத்த பொம்மையை எல்லாம் உடைத்துப் போடுவான். டெபியனில் எப்போது வேண்டுமானாலும் கோளாறு வரக்கூடிய சோதனைப் பகுதி ஒன்று உண்டு. அதற்குப் பெயர் "சிட்"! பெயரைக் கேட்டதுமே ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

எழுத்துக்கு இடம் இல்லை!

இனிமேல்தான் நம் வீட்டு விஷயம் வருகிறது.

கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது. எண் மட்டுமே தெரியும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுத்தால்தான் அது புரிந்துகொள்ளும்.

1960-களில் அமெரிக்காவில் போட்ட பட்டியலில் 128 இடங்கள் மட்டுமே இருந்தன. ஆங்கில எழுத்தும், எண்களும், புள்ளி, காற்புள்ளி போன்ற குறிகளும் உட்கார்ந்ததும் இடம் தீர்ந்துவிட்டது. தமிழுக்கு இடம் இல்லை. இந்திக்கு இல்லை. சீன மொழிக்கும் இல்லை.

நம்மவர்கள் சும்மா இருக்கவில்லை. இடம் கிடைத்த மூலையில் தமிழ் எழுத்தை உட்கார வைத்தார்கள். ஆனால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி உட்கார வைத்தார்கள்! ஒருவர் "க" வைத்த இடத்தில் இன்னொருவர் "ம" வைத்தார்.

விளைவு? ஒரு கம்ப்யூட்டரில் எழுதிய தமிழ் மற்றொரு கம்ப்யூட்டரில் கோணல்மாணலாகத் தெரிந்தது. அண்ணன் அனுப்பிய கடிதத்தைத் தங்கை படிக்க வேண்டுமானால், அவன் வைத்திருந்த அதே எழுத்துருவை அவளும் தேடி வாங்க வேண்டும். 1990-களிலும் 2000-த்தின் ஆரம்ப ஆண்டுகளிலும் கம்ப்யூட்டரில் தமிழ் படித்தவர்களுக்கு இந்தத் தொல்லை நன்றாக ஞாபகம் இருக்கும்.

1991-ல் உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவாக "யூனிகோட்" என்ற புதிய பட்டியல் வந்தது. அதில் தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கினார்கள். "அ"வுக்குக் கிடைத்த எண் 2949.

இடம் கிடைத்துவிட்டது. ஆனால் போய்ச் சேர வழி இல்லை!

ஏன்? கம்ப்யூட்டர் செய்தியைச் சிறுசிறு பெட்டிகளில் அனுப்புகிறது. அந்தப் பெட்டிக்குப் "பைட்" என்று பெயர். ஒரு பைட்டில் 0 முதல் 255 வரை உள்ள எண்தான் அடங்கும். 2949 எப்படி அடங்கும்? எல்லாவற்றுக்கும் பெரிய பெட்டியாகப் போட்டாலோ, உலகத்தில் அதுவரை எழுதி வைத்த ஆங்கிலக் கோப்புகளும் பழைய செயலிகளும் தடுமாறிப் போகும்.

சாப்பாட்டு மேஜையில் பிறந்த வழி

1992-ம் ஆண்டு செப்டம்பர் மாதம். கம்ப்யூட்டர் கம்பெனிகள் சேர்ந்து நடத்திய எக்ஸ்-ஓப்பன் என்ற சங்கத்திலிருந்து பெல் ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போன் வந்தது. சங்கத்தார் இந்தச் சிக்கலுக்கு ஒரு முறையைத் தயார் செய்திருந்தார்கள். அதைப் பார்த்து அபிப்பிராயம் சொல்லும்படி கேட்டார்கள்.

கென் தாம்சனும் ராப் பைக்கும் யோசித்தார்கள். பிளான் 9-ல் பல மொழி எழுத்துக்களைக் கையாண்டு பார்த்து, அதில் உள்ள கஷ்டங்களை அனுபவித்தவர்கள் அவர்கள். இதைவிட நல்ல முறையைத் தாங்களே செய்யலாம் என்று அவர்களுக்குத் தோன்றியது. சங்கத்தாரும் சம்மதித்தார்கள். சீக்கிரம் முடித்துக் கொடுக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

இருவரும் இராச் சாப்பாட்டுக்கு ஓர் ஓட்டலுக்குப் போனார்கள். அந்த ஊர் ஓட்டல்களில், நாம் இலை போடுவது போல, தட்டுக்கு அடியில் ஒரு காகிதம் விரிப்பார்கள். கென் தாம்சன் பேனாவை எடுத்தார். அந்தக் காகிதத்திலேயே கணக்குப் போட ஆரம்பித்தார்.

சாப்பாடு முடிவதற்குள் வழி கிடைத்துவிட்டது!

அன்று இரவே ஆராய்ச்சிக்கூடத்துக்குத் திரும்பி வேலையைத் தொடங்கினார்கள். அதே வாரத்தில் பிளான் 9 முழுவதும் அந்தப் புதிய முறையில் ஓடியது. அந்த முறைக்கு இன்றுள்ள பெயர் "யுடிஎப்-8".

அந்தக் காகிதம் இப்போது எங்கே? ஓட்டலோடு போய்விட்டது. அதை எடுத்து வைத்திருக்கலாமே என்று ராப் பைக் பின்னால் வருத்தப்பட்டார்.

ரெயில் பெட்டிக் கணக்கு

அந்த முறைதான் என்ன? ரெயிலை வைத்துச் சொன்னால் குழந்தைகளுக்கும் விளங்கும்.

ஓர் எழுத்து ஒரு ரெயில் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கில எழுத்துக்கு ஒரே பெட்டி போதும். அது முன்பு எப்படி ஓடியதோ அப்படியே ஓடும். ஆகவே பழைய கோப்புகளுக்குச் சேதம் இல்லை.

கிரேக்க எழுத்துக்கு இரண்டு பெட்டி. தமிழ் எழுத்துக்கு மூன்று பெட்டி. செல்போனில் அனுப்பும் சிரிப்பு முகங்கள் பலவற்றுக்கு நான்கு பெட்டி.

பல பெட்டி உள்ள ரெயிலில், எத்தனை பெட்டி வருகிறது என்று முதல் பெட்டியிலேயே எழுதியிருக்கும். பின்னால் வரும் ஒவ்வொரு பெட்டியிலும் "நான் பின் பெட்டி" என்று அடையாளம் இருக்கும். வழியில் ஒரு பெட்டி தொலைந்தால்கூடப் பரவாயில்லை. அடுத்த ரெயில் எங்கே ஆரம்பிக்கிறது என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். ஓர் எழுத்து கெட்டாலும் கடிதம் முழுவதும் கெடாது!

2949 என்ற எண் கொண்ட நம் "அ", 224, 174, 133 என்ற மூன்று பெட்டிகளாகப் பிரிந்து புறப்படுகிறது. போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடியும் "அ" ஆகிவிடுகிறது.

"அம்மா" என்ற சொல்லைக் கம்ப்யூட்டர் அ, ம, புள்ளி, ம, கால் என்று ஐந்து துண்டுகளாகப் பார்க்கிறது. துண்டுக்கு மூன்று வீதம் 15 பெட்டிகள். அதையே ஆங்கில எழுத்தில் "அம்மா" என்று எழுதினால் நான்கே பெட்டிகள். நமக்குச் செலவு கொஞ்சம் கூடத்தான். ஆனால் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். தனி எழுத்துரு தேடி அலைய வேண்டாம்.

தமிழ்நாடு அரசும் 2010-ம் ஆண்டு யூனிகோட் பட்டியலை ஏற்றுக்கொண்டது. இன்று உலகத்தில் உள்ள வலைத்தளங்களில் நூற்றுக்கு 98-க்கு மேல் யுடிஎப்-8 முறையில்தான் இயங்குகின்றன.

தோற்றது யார்?

அந்தப் பிளான் 9 இயங்குதளம் என்ன ஆயிற்று?

வியாபாரத்தில் அது ஜெயிக்கவில்லை. 1992-ல் பல்கலைக்கழகங்களுக்குக் கொடுத்தார்கள். 1995-ல் விலைக்கு விட்டார்கள். 2000-ம் ஆண்டில் இலவசமாகவே கொடுத்தார்கள். ஜனங்கள் யூனிக்ஸ் வழிவந்தவற்றையும் விண்டோசையும் விட்டு அதற்கு மாறவில்லை. 2021-ல் அதன் அன்பர்கள் அமைத்த ஒரு தர்ம ஸ்தாபனத்திடம் அது ஒப்படைக்கப்பட்டது.

கடையில் விலை போகவில்லை. ஆனால் அதில் முதன்முதலாக ஓடிய எழுத்து முறை உலகம் முழுவதும் பரவிவிட்டது. கிளை பட்டுப்போனாலும் விதை முளைத்துவிட்டது!

எட் உட்டின் கதையும் அப்படித்தான். 1994-ல் டைரக்டர் டிம் பர்ட்டன் அவருடைய வாழ்க்கையையே படமாக எடுத்தார். அதில் லுகோசியாக நடித்த மார்ட்டின் லாண்டாவுக்கு ஆஸ்கார் பரிசு கிடைத்தது. காசில்லாமல் செத்த டைரக்டரின் பெயர், பெரிய படத்தின் தலைப்பாகத் திரையில் ஒளிவிட்டது.

எட் உட்டின் படம் நல்ல படமா? இல்லை. அதை மறைக்க வேண்டியதில்லை. பெயரினால் அந்த எழுத்து முறை பிறந்ததா? அதுவும் இல்லை, உழைப்பினால் பிறந்தது.

ஆனால் அந்தப் பெயரை வைத்தவர்களின் மனத்தைப் பாருங்கள். நினைத்திருந்தால் "மகா சக்தி", "உலக வெற்றி" என்றெல்லாம் ஆடம்பரமாகப் பெயர் சூட்டியிருக்கலாம். அவர்கள் தங்களைத் தாங்களே பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். ஊர் சிரித்த ஒரு படத்தின் பெயரைக் கூசாமல் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள். சிரித்துக்கொண்டே உலகத்துக்கு உபகாரமும் செய்தார்கள்.

நம் வீட்டிலும் இருப்பார்கள். கோணல் கோலம் போடும் சிறுமி. தாளம் தப்பிப் பாடும் மாமா. வராத கவிதையை விடாமல் எழுதும் பையன். சிரிப்பு வந்தால் சிரித்துவிட்டுப் போங்கள். "இதோடு விட்டுவிடு" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

இன்று இரவு வெளிநாட்டில் வேலை செய்யும் ஏதாவது ஒரு பிள்ளை செல்போனை எடுத்து "அம்மா, சாப்பிட்டாயா?" என்று தமிழில் எழுதுவான். கண் மூடித் திறப்பதற்குள் அது ஊரில் உள்ள தாயின் கைக்கு வந்து சேரும். ஓர் எழுத்தும் மாறாமல் வரும்.

அதைப் படிக்கும்போது, ஓட்டல் காகிதத்தில் கணக்குப் போட்ட அந்த மனிதரை ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள். கூடவே, முகத்தை மூடிக்கொண்டு நடந்த அந்த வைத்தியரையும்!